வளையமா, சங்கிலியா?

பிளஸ் டூ வேதியியலில் நைலான் 6 வரும் இடம் மிகச் சிறியது. கேப்ரோலாக்டம், கொஞ்சம் தண்ணீர், சூடு, ஓர் அம்புக்குறி, அந்தப் பக்கம் அடைப்புக்குறிக்குள் ஒரு பலபடி, அதாவது பாலிமர். தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனில் அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். போன வருடம் ஒரு பையன் முடிக்க விடவில்லை.

"மிஸ், ஒரு பக்கம் அமீன், இன்னொரு பக்கம் ஆசிட். ரெண்டும் ஒட்டிக்கும்னு சொல்றீங்க. அப்ப அது ஏன் பக்கத்து மூலக்கூறைத் தேடிப் போகணும்? தன் வாலையே பிடிச்சுக்கலாமே?"

பிடித்துக்கொள்ளும். பல சமயம் அதைத்தான் செய்யும். தன் வாலைத் தானே பிடித்தால் கிடைப்பது லாக்டம் என்ற வளையம். அடுத்ததன் வாலைப் பிடித்தால் பாலிஅமைடு என்ற சங்கிலி. இரண்டிலும் உருவாகும் பிணைப்பு அமைடு என்ற ஒன்றுதான், வெளியேறும் தண்ணீரும் ஒன்றுதான். எது நடக்கும் என்பதை எங்கள் பாடப்புத்தகம் கேட்கவே இல்லை. இப்படி ஒரே மூலக்கூறில் அமீனும் அமிலமும் கொண்ட அமினோகார்பாக்சிலிக் அமிலங்களைப் பற்றிக் கேட்கத் தகுந்த முதல் கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

முதலில் ஒன்று. இந்த அமிலங்களைப் புட்டியில் சும்மா வைத்திருந்தால் வளையமும் ஆகாது, சங்கிலியும் ஆகாது. அமிலத்தின் புரோட்டான் அமீனுக்குப் போய்விடும். ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று தனக்குள்ளேயே உப்பாகி உட்கார்ந்துவிடும். அமைடு ஆக வேண்டுமென்றால் அந்த உப்பைக் கலைத்துத் தண்ணீரைத் துரத்த வேண்டும். அதற்குச் சூடு வேண்டும், அல்லது கெட்டிக்கார வினைபொருள் வேண்டும். நைலான் 6-இன் மூல அமிலமான அமினோகேப்ரோயிக் அமிலமே ரத்தக்கசிவை நிறுத்தும் மருந்தாகவும் பயன்படுகிறது. நரம்பில் ஏற்றினால் உடம்புக்குள் நைலான் இழை ஓடாததற்குக் காரணம் இதுதான்.

சூடேற்றினால் என்ன ஆகும்? அமீனுக்கும் அமிலத்துக்கும் நடுவே எத்தனை கார்பன் என்று எண்ண வேண்டும்.

அமிலக் கார்பனுக்கு அடுத்த கார்பனிலேயே அமீன் இருந்தால் அது ஆல்ஃபா. புரதங்களின் அமினோ அமிலங்கள் எல்லாம் இந்த வகை. இவை தன் வாலைப் பிடித்தால் மூன்று அணு வளையம் வரும். அவ்வளவு இறுக்கத்தில் அமைடு நிற்காது. ஆனால் சங்கிலியாக நீளவும் சூடு மட்டும் போதாது. இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று இரு கையாலும் பிடித்து ஆறு அணு வளையமாக மூடிக்கொள்ளும். டைகீட்டோபைபரசீன் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், பொருள் நமக்குப் பழக்கமானது. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அதன் புரதம் சிதைந்து இந்த வளையங்கள் உண்டாகின்றன. டிகாஷனின் கசப்பில் இவற்றுக்கும் பங்கு உண்டு. சர்க்கரை இல்லாத கோலாக்களில் போடும் அஸ்பார்ட்டேம் இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்த எஸ்டர். சித்திரை வெயிலில் பெட்டிக்கடை வாசலில் கிடக்கும் பாட்டிலுக்குள் அது மெல்ல இதே வளையமாக மூடிக்கொண்டு இனிப்பை இழக்கும்.

அப்படியானால் உடம்பில் மட்டும் எப்படிச் சங்கிலி வருகிறது? செல் அதற்கு விலை கொடுக்கிறது. ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ஆர்.என்.ஏ. ஒன்றின் நுனியில் கட்டி, ரைபோசோமுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்து, ஓர் அமைடு பிணைப்புக்கு நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவழித்துக் கோக்கிறது. பாலிஅமைடுகளில் இதுதான் மூத்தது. ஓர் அலகின் சங்கிலியில் எத்தனை கார்பன் என்று எண்ணி நைலானுக்குப் பெயரிடும் கணக்கில் புரதம் வெறும் நைலான் 2.

இதைச் சொல்லும்போது சர்தார் படேல் சாலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அந்தச் சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இருக்கிறது, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற பாலிஅமைடு. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட திருகு என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் இருக்கிறது. மூன்று சங்கிலிகள் நெருங்கும் உள்பக்கத்தில் அதைவிடப் பெரியதற்கு இடம் கிடையாது. 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு அவர் வரைந்த வரைபடம் இன்று உலகம் முழுக்கப் புரதம் படிப்பவர்களின் மேசையில் இருக்கிறது. அதன் அடிப்படை அமைடு பிணைப்பின் ஒரு குணம்: நைட்ரஜனின் எலக்ட்ரான் இணை பக்கத்துக் கார்பனைல் வரை பரவிவிடுவதால் அந்தப் பிணைப்பு சுழலாது, தட்டையாகவே நிற்கும். மீதமிருக்கும் இரண்டு சுழற்சிகளுக்கு எந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதே வரைபடம். லாக்டத்தைப் புரிந்துகொள்ளவும் அந்தத் தட்டைத்தன்மை வேண்டும். சங்கிலியில் அமைடின் இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் நீள விரும்பும். சின்ன வளையத்துக்குள் அவை ஒரே பக்கம் மடங்கியே ஆக வேண்டும். அந்த அசௌகரியத்தையும் தாண்டித்தான் வளையம் மூடுகிறது.

அமீன் இன்னும் ஒரு கார்பன் தள்ளியிருந்தால் அது பீட்டா. பீட்டா அமிலத்தைச் சூடேற்றினால் வளையம், சங்கிலி இரண்டுமே கிடைக்காது. அது அமோனியாவை உதறிவிட்டு அக்ரிலிக் வகை அமிலமாகிவிடும். நான்கு அணு வளையத்தை நேர்வழியில் மூட முடியாது. ஆனால் மூடிவிட்டால் அந்த வளையத்தின் இறுக்கத்துக்கு நாம் உயிர்க்கடன் பட்டிருக்கிறோம். பென்சிலினின் மையம் அதுதான். டோரதி ஹாட்ஜ்கின் 1945-இல் எக்ஸ் கதிர் கொண்டு அதைக் காட்டியபோது நம்ப மறுத்த பெரிய வேதியியலாளர்கள் இருந்தார்கள். நான்கு அணு லாக்டம் ஒன்று இயற்கையில் நிற்கும் என்பதே அன்று நம்பக் கடினமான செய்தி. 1957-இல் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை அல்ல, அமெரிக்கா) ஜான் ஷீஹன் பென்சிலின் வி-யைச் செயற்கையாகச் செய்தார். கடைசிப் படியில் அவர் கையிலிருந்தது ஒரு பீட்டா அமினோகார்பாக்சிலிக் அமிலம். சூடே இல்லாமல், டைசைக்ளோஹெக்சைல் கார்போடைஇமைடு என்ற வினைபொருளை விட்டுத் தண்ணீர் மூலக்கூறைப் பறிக்கச் செய்து, அறை வெப்பத்திலேயே வளையத்தை மூடினார். பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் நொதி இந்த வளையத்தைத் தொட்டதும் வளையம் பட்டென்று திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது, நொதி செத்தது. அதே இறுக்கத்தால் தண்ணீரும் அதைத் திறந்துவிடும். குழந்தைகளின் அமாக்சிசிலின் மருந்து பொடியாக வருவதும், தண்ணீர் கலந்தபின் சில நாட்களுக்குமேல் வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். மிச்சம் இருக்கிறதே என்று அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துக் கொடுக்கும் பாட்டிகளிடம் இதை நான் சொல்லிப் பார்ப்பதுண்டு.

அடுத்தது காமா. எனக்கு மிகப் பிடித்த இடம்.

நான்கு கார்பன், ஒரு நைட்ரஜன்: ஐந்து அணு வளையம். இறுக்கம் குறைவு, முனைகள் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். காமா அமினோபியூட்டிரிக் அமிலத்தை, அதாவது மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபாவை, உருகும் வரை சூடேற்றினால் சங்கிலிக்கான முயற்சியே இருக்காது. தண்ணீர் பறந்து பைரோலிடோன் என்ற லாக்டம் மட்டும் மிஞ்சும். ஒரு கார்பன் கூட்டி டெல்டா அமிலம் எடுத்தாலும் அதே கதை, ஆறு அணு வளையம். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பொவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பைரோலிடோன் வளையங்கள்தான், வேறொரு சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு.

காமா அமிலம் தன் வாலைப் பிடிப்பது மருந்துத் தொழிலுக்குத் தலைவலி. கேபாபென்டின் மாத்திரை சென்னையில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். அக்கி வந்து போனபின் நிற்காத எரிச்சலுக்கும், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். காபாவின் சாயலில் செய்த காமா அமினோ அமிலம் அது. நடுக் கார்பனின்மேல் ஆறு கார்பன் வளையம் ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சுமை இரண்டு கைகளையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்குகிறது. 1915-இல் தார்ப்பும் இங்கோல்டும் கவனித்துச் சொன்ன விளைவு இது: நடுக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதில் பெரிய குழுக்களை வைத்தால் வளையம் எளிதில் மூடும். ஆகவே கேபாபென்டின் காபாவைவிடச் சுலபமாக லாக்டமாகும். உருக்கவே வேண்டாம். அரைக்கும்போது படிகம் நொறுங்கினாலும், ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆகிக்கொண்டே இருக்கும். அந்த லாக்டம் மருந்தல்ல, வேண்டாத மாசு. மருந்துத் தர நூல்கள் அதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. கரைசலில் இது இன்னும் வேகம் என்பதால் கேபாபென்டின் திரவ மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள்.

நல்ல அட்டையில், காலாவதி தேதிக்குள் இருக்கும் மாத்திரையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தேதியைக் குறிக்கும்போதே லாக்டத்தையும் கணக்கில் எடுத்துத்தான் குறிக்கிறார்கள். ஆனால் மாத்திரை அட்டையை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு மே மாதத்தில் ஊரைச் சுற்றுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

எப்சிலானுக்கு வருவோம். ஆறு கார்பன், வளையம் மூடினால் ஏழு அணு. இங்கேதான் இரண்டு பாதைகளும் சரிசமமாகப் போட்டி போடுகின்றன, சரித்திரமும் இங்கேதான் தடுமாறியது.

வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் 1928-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் சேர்ந்தார். நீண்ட மூலக்கூறு என்று ஒன்று உண்டு என்பதையே பலர் ஏற்காத காலம். 1930-இல் அவரும் ஜெரார்டு பெர்ஷேயும் அமினோகேப்ரோயிக் அமிலத்தைச் சூடேற்றி என்ன வருகிறது என்று எழுதினார்கள். ஒரு பங்கு ஏழு அணு லாக்டம், பெரும்பங்கு பாலிஅமைடு. பிறகு அந்த லாக்டத்தைத் தனியே எடுத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. அந்தச் சூழலில் லாக்டம் பலபடியாவதில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கரோதர்ஸ் குழு பிறகு ஆறு கார்பன் டைஅமீன், ஆறு கார்பன் டைஆசிட் என்று இரண்டு தனி மூலக்கூறுகளுக்குப் போனது. 1935 பிப்ரவரி 28 அன்று நைலான் 66 பிறந்தது. செய்தவர் அதே பெர்ஷே. மனச்சோர்வோடு நெடுநாள் போராடிய கரோதர்ஸ் 1937 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நைலான் காலுறைகள் கடைக்கு வந்தது 1940-இல்.

அதற்கு நடுவே, 1938 ஜனவரி 29 அன்று, பெர்லினில் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தின் பால் ஷ்லாக், அசையாது என்று எழுதப்பட்ட அதே கேப்ரோலாக்டத்தை மூடிய குழாயில் 240 டிகிரியில் இரவு முழுக்க வைத்தார். கூடவே அமினோகேப்ரோயிக் அமிலத்தின் ஹைட்ரோகுளோரைடு உப்பைக் கொஞ்சம் போட்டிருந்தார். காலையில் குழாயில் இருந்தது இழுத்தால் நூலாகும் கெட்டியான பலபடி. பெர்லான் என்று பெயர் பெற்ற அதுதான் நைலான் 6.

வித்தியாசம் அந்தச் சிட்டிகை உப்பில் இருக்கிறது. சுத்தமான லாக்டத்தில் திறந்த முனை ஒன்றுகூடக் கிடையாது, யாரும் யாரையும் பிடிக்க வழியில்லை. ஒரு சில மூலக்கூறுகளுக்கு வெறுங்கை கொடுத்துவிட்டால் அவை பக்கத்து வளையத்தைத் தாக்கித் திறக்கும். திறந்ததற்கு இப்போது வெறுங்கை கிடைக்கும், அது அடுத்ததைத் திறக்கும். ஆலையில் இந்த வேலையைத் தண்ணீர் செய்கிறது. கேப்ரோலாக்டத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து 250, 260 டிகிரிக்குக் கொண்டுபோனால் சில வளையங்கள் நீராற்பகுப்படைந்து அமினோகேப்ரோயிக் அமிலமாகும், மீதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தின் அம்புக்குறிமேல் இருக்கும் அந்தத் தண்ணீருக்கு இதுதான் அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் வேண்டிய தண்ணீரைக் கடைசியில் இழுத்து வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி நீளாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது முனைகள் சேர்ந்த பிறகும் சராசரி நீளம் 100 அலகுதான் என்பது கரோதர்ஸ் பெயரிலேயே உள்ள சமன்பாட்டின் கணக்கு.

அந்தக் கணக்கில் அமினோ அமிலத்துக்கு ஒரு சலுகை உண்டு. நைலான் 66-இல் டைஅமீனும் டைஆசிடும் சரிசமமாக இருக்க வேண்டும். ஒன்று ஒரு சதவீதம் கூடினாலும் சங்கிலி சராசரியாக 200 அலகைத் தாண்டாது. இரண்டு முனையும் ஒரே மூலக்கூறில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை, சமம் பிறவியிலேயே வந்துவிடுகிறது. வளையத்தை மூடும் அதே அமைப்புதான் நீளமான சங்கிலிக்கும் தகுதி தருகிறது. அதனால்தான் தன் வாலைப் பிடிக்கும் குணத்தைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேதியியலாளர் கையில் இன்னொரு திருகு இருக்கிறது: நெரிசல். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவில் கையை நீட்டினால் அடுத்தவர்மேல்தான் படும். விடிகாலை மெரினா மணலில் நீட்டினால் தன் கையைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வளையம் மூட ஒரு மூலக்கூறு போதும், சங்கிலிக்கு இரண்டு வேண்டும். கரைசலை நீர்க்க நீர்க்க வளையம் ஜெயிக்கும். 1912-இல் ருக்லி இதைக் காட்டினார், 1930களில் சீக்ளர் பெரிய வளையங்கள் செய்யும் முறையாகவே ஆக்கினார். உருகிய நிலையில், கரைப்பானே இல்லாமல் செய்தால் சங்கிலி ஜெயிக்கும்.

முழுதாக ஜெயிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். உருகிய நைலான் 6-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கேப்ரோலாக்டமாகவும் சின்னச் சின்ன வளையங்களாகவும் நின்றுவிடும். இன்னும் சூடேற்றிப் பயனில்லை, அது சமநிலை. ஆகவே ஆலைகளில் சில்லுகளை வெந்நீரில் அலசி லாக்டத்தைப் பிரித்து மறுபடி தொடக்கத்துக்கே அனுப்புகிறார்கள். எங்கள் வடசென்னைக்கு இந்த வேதியியல் அந்நியமில்லை. மணலியில் எஸ்.ஆர்.எஃப். ஆலை 1970களிலிருந்து நைலான் டயர் நூல் செய்தது, திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். டயர் செய்கிறது. லாரி டயரின் ரப்பருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் துணி, கரோதர்ஸ் விட்டுப்போன வளையம் திறந்து நீண்டது. அந்த வளையத்தைத் தொழிற்சாலைகள் அமினோ அமிலத்திலிருந்து செய்வதில்லை என்பது இன்னொரு விசித்திரம். சைக்ளோஹெக்சனோனின் ஆக்சைமை அமிலத்தில் புரட்டி நேராக லாக்டமாகவே எடுக்கிறார்கள். பெக்மன் 1886-இல் கண்டுபிடித்த புரட்டல் அது.

எட்டு முதல் பதினொன்று அணு வரை வளையங்கள் மூட மறுக்கும். உள்பக்கத்து ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அதற்கு மேலே இறுக்கம் இல்லை, ஆனால் முனைகள் வெகுதூரத்தில் இருப்பதால் சந்திப்பது அபூர்வம். ஆகவே நீளமான அமினோ அமிலத்தை நேராகச் சூடேற்றினாலே நல்ல சங்கிலி வரும். 11-அமினோஅண்டெகனோயிக் அமிலம் அப்படிப்பட்டது, அது வருவது விளக்கெண்ணெயிலிருந்து. பேதிக்குக் குடித்து முகம் சுளித்த அதே எண்ணெய். அதன் ரிசினோலியிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டரைக் கடும் வெப்பத்தில் உடைத்தால் ஏழு கார்பன் துண்டு ஒன்றும் பதினொரு கார்பன் துண்டு ஒன்றும் கிடைக்கும். இரண்டாவதன் நுனியில் புரோமினை ஏற்றி, அமோனியாவால் மாற்றினால் அமிலம் தயார். நைலான் 6 ஈரத்தில் ஊறி எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடத் தண்ணீர் குடிக்கும். அமைடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் நைலான் 11 இரண்டு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். லாரிகளின் ஏர் பிரேக் குழாய்களுக்கு நைலான் 11-ம் 12-ம் போவதற்கு அது ஒரு காரணம். 2012 மார்ச்சில் ஜெர்மனியின் மார்ல் நகரில், நைலான் 12-க்கான மூலப்பொருள் ஆலை ஒன்று வெடித்தபோது உலகக் கார் கம்பெனிகள் குழாய்க்குத் திண்டாடின. ஆமணக்கு விதையில் உலகின் பெரும்பங்கு நம் நாட்டில், அதிலும் குஜராத்தில் விளைகிறது.

சமநிலை என்று சொன்னேனே, அதற்கு ஒரு பயன் உண்டு. நைலான் 6 சங்கிலியைத் தக்க வினையூக்கியோடும் நீராவியோடும் சூடேற்றி, உண்டாகும் லாக்டத்தை உடனுக்குடன் வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால் சங்கிலி முழுக்க வளையமாக அவிழ்ந்துவிடும். நைலான் 4 இதற்கு உச்சம்: பைரோலிடோனைத் திறந்து செய்த அந்தச் சங்கிலி உருக்கும்போதே ஐந்து அணு வளையத்துக்குத் திரும்ப ஓடிவிடுவதால் உருக்கி நூற்க முடியாமலே போனது. நைலான் 6 அவ்வளவு அவசரப்படாது, நாம் கேட்டால் மட்டும் திரும்பும். ஐரோப்பாவில் பழைய மீன்வலைகளை இப்படிக் கேப்ரோலாக்டமாக்கிப் புது நூல் நூற்கிறார்கள். அந்த நூலுக்கும் புது நூலுக்கும் வேறுபாடு இருக்காது, மூலக்கூறு ஒன்றேதான்.

காசிமேட்டில் கிழிந்த வலைகள் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றி யாராவது உருப்படியாகக் கணக்குப் போட வேண்டும் என்று தோன்றும். எல்லா வலையும் இதற்கு ஆகாது. விசைப்படகுகளின் இழுவலை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் அமைடும் இல்லை, திரும்பிப் போக வளையமும் இல்லை. செவுள் வலையும் தூண்டில் நரம்பும்தான் நைலான். பிரித்தெடுக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும். துண்டு வெட்டி, கையால் நன்றாகப் பிழிந்து காற்றுக்குமிழியை வெளியேற்றி உள்ளே அமுக்குங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வந்து மிதக்கும். நைலானின் அடர்த்தி 1.14, மூழ்கும். துணி காயப்போட நைலான் கயிறு என்று கேட்டு வாங்கியதையும் கூடவே போட்டுப் பாருங்கள். என் வீட்டுக் கொடிக்கயிறு மிதந்தது.